காத்திருப்பவரிடம் திரை பேச வேண்டும்

காட்பாடி ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் 2003 முதல் 2011 வரை எட்டுக் கணினிகளை வைத்து ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். பகலில் தேர்வு முடிவு பார்க்கவும் விண்ணப்பம் நிரப்பவும் ஆட்கள் வருவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் கல்லூரி மாணவர்கள், இரண்டு அணியாகப் பிரிந்து சுடும் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற கணினி ஆட்டத்தை ஆட வந்துவிடுவார்கள். எட்டு இருக்கைக்குப் பதினைந்து பேர் நிற்கும் நாட்களில், யாரை எந்த அணியில் உட்கார வைப்பது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். முந்தின வாரங்களில் அவர்கள் ஆடியதைப் பார்த்திருப்பேன் என்பதால் யார் கை தேர்ந்தவர், யார் புதியவர் என்பது எனக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, நிற்பவர்களிடம் நான் பேசிக்கொண்டே இருப்பேன். "மூணாவது சீட் இன்னும் பத்து நிமிஷத்துல காலியாகும்", "அடுத்த ஆட்டத்துல நீ அவங்க பக்கம்", "இன்னைக்குக் கூட்டம் அதிகம், எட்டு மணிக்கு மேல வா" என்று சொல்லிவிட்டால் போதும். நின்றவர்கள் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். சொல்லாமல் விட்ட நாட்களில்தான் சண்டை வந்தது.

இந்த ஆண்டு மே மாதத்தில், பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகன் ஒரு செயலியைக் காட்டினான். சதுரங்கம், கேரம் போன்ற பலகை ஆட்டங்களுக்கும், நான்கு பேர் குழுவாக ஆடும் சுடும் ஆட்டங்களுக்கும், முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. நான் எட்டு ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்து செய்த வேலையை அது பல்லாயிரம் பேருக்குச் செய்கிறது. அதை உருவாக்கியிருப்பது ஒரு சிறிய குழு. பெயரைச் சொல்வதில்லை என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். அவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை. அவன் "ஆடு" என்ற பொத்தானை அழுத்தியதும் ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது. அரை நிமிடம் சுழன்றது, ஒரு நிமிடம் சுழன்றது. "இது ஆள் தேடுதா, இல்ல நின்னுட்ச்சா மாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அந்தத் திரையில் ஒரு சொல்கூட இல்லை. நாங்கள் அந்தக் குழுவுக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதக் காரணமாக இருந்தது அந்தக் கேள்விதான்.

செயலிக்குள்ளேயே கருத்துச் சொல்ல ஒரு படிவம் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கலாம், கீழே நான்கு வரி எழுதலாம். மூன்று நட்சத்திரம் என்று ஒருவர் கொடுத்துவிட்டுப் போனால், எந்தத் திரையில் எந்த நொடியில் அவருக்கு எரிச்சல் வந்தது என்பதை உருவாக்கியவர் எப்படி அறிவார்? ஆகவே வேறு வழியில் முயன்றோம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வெயில் தணிந்த பிறகு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேரை உட்கார வைத்தோம். என் அக்காள் மகன் ஒருவன். பக்கத்து வீட்டில் பி.எஸ்சி. படிக்கும் பெண் ஒருவர். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர். ஷேர் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஒவ்வொருவரிடமும் "ஒரு ஆட்டத்தில் சேருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உதவி ஏதும் செய்யாமல், விரல் எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். மனிதர் திரையை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்கும் இடைமுக ஆய்வில் பெரும் பெயர் பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை இப்படிக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. ஆசிரியர் தவறான இடத்தை மூன்று முறை தட்டியபோது என் கை தானாக நீண்டது, அடக்கிக்கொண்டேன்.

காத்திருக்கும் திரையைப் பற்றித்தான் கடிதத்தில் அதிகம் எழுதினோம். ஆள் சேர்க்கும் கணக்கு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தத் திரை ஏன் ஊமையாக இருக்கக் கூடாது என்பது புரியும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் திறனைக் குறிக்கும் ஓர் எண் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் செயலி முதலில் அந்த எண்ணுக்கு மிக அருகில் இருப்பவர்களை மட்டும் தேடும். கிடைக்காவிட்டால் சில நொடிகள் கழித்து எல்லையை அகலமாக்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் இன்னும் அகலமாக்கும். நள்ளிரவில் காத்திருப்பு நீள்வதும், சேர்ந்த பிறகு எதிராளி மிக வலியவராகவோ மிக எளியவராகவோ இருப்பதும் இதனால்தான். சமமான எதிராளி, குறைந்த காத்திருப்பு, தடையற்ற இணைப்பு என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் முழுமையாகத் தர எந்தச் செயலியாலும் முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். என் கல்லாவிலும் அதுதான் நடந்தது. கை தேர்ந்த நான்கு பேர் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள் என்றால், ஏழு மணிக்கு வந்த தேர்ந்தவர் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் புதியவர்களோடு ஆட வேண்டும். நான் இரண்டையும் சொல்லி, தேர்வை அவரிடமே விட்டுவிடுவேன். செயலியோ தேர்வைத் தானே செய்துவிட்டு, செய்ததையும் மறைத்துவிடுகிறது.

மறுமொழிக்கு மனிதர் பொறுக்கும் நேரத்தைப் பற்றி நீல்சன் 1993இல் வகுத்துச் சொன்ன மூன்று எல்லைகள் இன்றும் பயன்படுகின்றன. 0.1 நொடிக்குள் நடந்தால் தன் விரலே செய்ததுபோல் இருக்கும். 1 நொடி வரை சிந்தனை அறுபடாது. 10 நொடிக்கு மேல் போனால் கவனம் வேறு வேலைக்குத் தாவிவிடும், ஆகவே எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத் திரை சொல்லியாக வேண்டும். ஆட்டத்துக்கு ஆள் கிடைப்பது பெரும்பாலும் பத்து நொடியைத் தாண்டும் வேலை. எங்கள் ஐந்து பேரில் நால்வர் நாற்பது நொடிக்குள் வேறு செயலிக்குப் போய்விட்டார்கள். ஷேர் ஆட்டோ நண்பர் திரும்பி வந்தபோது ஆள் கிடைத்து, அழைப்பு வந்து, அதை ஏற்காத காரணத்துக்காக ஐந்து நிமிடத் தடையும் வந்திருந்தது. ஒருவரை அலைக்கழித்துவிட்டு, அலைந்ததற்குத் தண்டனையும் கொடுப்பது நியாயமில்லை என்று கடிதத்தில் எழுதியபோது எனக்கு உண்மையிலேயே கோபம் இருந்தது.

வேலூரில் வாழ்பவர்களுக்குக் காத்திருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருத்துவத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நாள்தோறும் மக்கள் வந்திறங்கும் ஊர் இது. மருத்துவமனைக் கூடத்தில் டோக்கன் எண் ஓடும் பலகை இருந்தால், மொழி தெரியாதவர்கூடத் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, குழந்தைக்குப் பால் வாங்கிவர நேரமிருக்கிறதா என்று முடிவு செய்கிறார். நேரம் குறைவதில்லை, ஆனால் அந்த நேரம் அவர் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே நாங்கள் கேட்டது எளியது. இந்த வேளையில் இந்த ஆட்டத்துக்குப் பொதுவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை எழுதுங்கள். எல்லையை அகலமாக்கும்போது "உங்களுக்கு நிகரானவர் இன்னும் கிடைக்கவில்லை, சற்று வலியவரையும் தேடுகிறோம்" என்று ஒரு வரி காட்டுங்கள். அந்த வரிக்குக் கீழே "வேண்டாம், நிகரானவருக்காகவே காத்திருக்கிறேன்" என்று ஒரு பொத்தான் வையுங்கள். ஆள் கிடைத்ததும் கைப்பேசி அதிரட்டும். வேறு செயலியில் இருந்தாலும் அறிவிப்பு வரட்டும்.

திறன் எண்ணைக் காட்டும் விதத்தைப் பற்றி ஆசிரியர்தான் விரிவாகப் பேசினார். அவர் இணையத்தில் சதுரங்கம் ஆடுபவர். இந்த எண் முறைக்கு அடித்தளம் போட்டவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாட் ஈலோ. அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றன. இருவருக்கும் எண் சமமாக இருந்தால் ஆளுக்கு ஐம்பது விழுக்காடு புள்ளி எதிர்பார்க்கலாம். 200 புள்ளி வேறுபட்டால் வலியவர் ஏறத்தாழ 76 விழுக்காடும், 400 வேறுபட்டால் ஏறத்தாழ 91 விழுக்காடும் எடுப்பார். ஆகவே 400 புள்ளி மேலே இருப்பவரிடம் தோற்பது செய்தியே இல்லை, வென்றால்தான் செய்தி. ஆனால் இந்தச் செயலி எந்தத் தோல்விக்கும் ஒரே மாதிரி, திரை முழுக்கச் சிவப்பாக்கி, நடுவில் பெரிய எழுத்தில் கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் காட்டுகிறது. புதிதாகச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்று ஏறத்தாழ இருநூறு புள்ளி இழந்தபோது, இதற்குமேல் தனக்கு வராது என்று கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வீழ்ச்சி அவருடைய திறனைச் சொல்லவில்லை, அவரைப் பற்றிச் செயலிக்கு இன்னும் எதுவும் தெரியாது என்பதைத்தான் சொல்கிறது. மார்க் கிளிக்மன் 1995இல் உருவாக்கிய கிளிக்கோ முறை, ஈலோவின் எண்ணோடு இன்னோர் எண்ணையும் சேர்த்தது. முதல் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அது குறிக்கும். புதியவரின் எண் முதல் சில ஆட்டங்களில் வேகமாக ஏறி இறங்கும், ஆட ஆட அசைவு குறையும். ஆசிரியர் ஆடும் லிசெஸ் தளம் இதை அழகாகக் காட்டுகிறது. எண் இன்னும் உறுதிப்படாதவருக்கு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். ஒரே ஒரு குறி. அதைப் பார்த்தவர், இது இறுதித் தீர்ப்பு அல்ல என்று புரிந்துகொள்வார். அப்படி ஒரு குறியை வையுங்கள், முதல் பத்து ஆட்டங்களுக்காவது கழித்தல் எண்ணைத் திரை நடுவில் காட்டாதீர்கள் என்று எழுதினோம்.

குழு ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. 1700 புள்ளி உள்ள ஒருவர் 900 புள்ளி உள்ள நண்பரை அழைத்துக்கொண்டு வந்தால் சராசரி 1300 ஆகிவிடும். செயலியும் 1300 புள்ளிக்காரர்களை எதிரே நிறுத்திவிடும். கணக்கு சரி, ஆட்டம் சரியில்லை. 900 புள்ளிக்காரர் முதல் நிமிடத்திலேயே வீழ்ந்து மீதி நேரம் வேடிக்கை பார்க்கிறார். பிரவுசிங் சென்டரில் அண்ணனும் தம்பியுமாக வந்தால் தம்பியை எந்த இடத்தில் நிறுத்துவது என்று யோசித்தது நினைவுக்கு வந்தது. கணக்கை மாற்றச் சொல்ல எங்களுக்கு அறிவு போதாது. குழு சேரும்போதே "உங்கள் குழுவில் திறன் வேறுபாடு அதிகம், புள்ளி சேராத நட்பு ஆட்டத்துக்குப் போகலாமா" என்று கேட்பது இடைமுகத்தால் முடிகிற செயல், அதைச் செய்யுங்கள் என்றோம்.

ஆள் கிடைத்ததும் வரும் அழைப்புத் திரையில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பத்து நொடிக்குள் ஒன்றை அழுத்த வேண்டும். அளவுகோலை வைத்து அளந்தோம். ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் உயரம், நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, இரண்டும் திரையின் மேல் பாதியில். தொடும் இடம் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். தொலைவு கூடினாலும் இலக்கு சிறுத்தாலும் கை சென்று சேர அதிக நேரம் ஆகும் என்பதைப் பால் ஃபிட்ஸ் 1954லேயே சோதனை செய்து காட்டிவிட்டார். ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்திருப்பவரின் கட்டைவிரல் திரையின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். பொத்தான் இருக்க வேண்டிய இடமும் அதுவே. அதுமட்டுமல்லாமல், பணம் வந்த அறிவிப்போ தொலைபேசி அழைப்போ மேலிருந்து இறங்கும்போது இந்தப் பொத்தான்களைத்தான் மூடுகிறது. தோல் தொழிற்சாலை நண்பருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். இரண்டு பொத்தான்களுக்கும் நிறம் தவிர வேறு வேறுபாடு இல்லாததால், எழுத்தைப் படித்துத்தான் அவர் அழுத்த வேண்டியிருந்தது. சிவப்பு பச்சைக் குறைபாடு ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஒரு சரிக்குறியும் ஒரு பெருக்கல் குறியும் போட்டாலே போதும்.

ஆனால் எழுத்தைப் படித்தும் அவருக்குப் பயன் இருக்கவில்லை. செயலியைத் தமிழில் வைத்திருந்தோம். ஏற்கும் பொத்தானில் "ஏற்கிறே" என்று சொல் பாதியில் நின்றது. மறுக்கும் பொத்தானில் "சரிவு" என்று இருந்தது. டிக்ளைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் உள்ள வேறொரு பொருளை எந்திரம் எடுத்துப் போட்டிருக்கிறது. குழுவைக் குறிக்கும் பார்ட்டி என்ற சொல்லையும் அப்படியே பெயர்த்து, குழு சேரும் பொத்தானில் "கட்சியில் சேர்" என்றும், குழுவை அமைத்தவருக்குப் பக்கத்தில் "கட்சித் தலைவர்" என்றும் இருந்தது. இது எந்தக் கட்சிக்குத் தன் பெயரைக் கொடுக்கிறது என்று ஷேர் ஆட்டோ நண்பர் உண்மையாகவே பயந்து, கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஆட்டத்தைக் குறிக்கும் மேட்ச் என்ற சொல் ஓரிடத்தில் "தீக்குச்சி" என்று ஆகியிருந்தது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் குடியாத்தத்திலிருந்து சத்துவாச்சாரிக்கு வந்து குடியேறியவர் எங்கள் ஆசிரியர். "தீக்குச்சி தேடப்படுகிறது" என்ற வரியை அவர் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு மணி நேரம் அந்தத் திரைகளைப் பார்த்திருந்தால் இவ்வளவும் நீங்கியிருக்கும். பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாங்கள் பேசும் சொல்லை எழுதினோம்: கட்சிக்குக் குழு, சரிவுக்கு வேண்டாம், ரிப்போர்ட் என்பதற்கு இட்டிருந்த அறிக்கைக்குப் புகார், தீக்குச்சிக்கு ஆட்டம். லாபி (ஆட்டத்துக்கு முன் கூடும் இடம்), ரேங்க் (தரநிலை), பிங் (இணைப்பின் தாமதம்) ஆகியவற்றுக்குத் தமிழ் தேட வேண்டாம், தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள் என்றோம். ஆடுபவர்கள் வாயில் இருப்பது அந்தச் சொற்கள்தாம். புதிதாக ஒரு சொல்லைச் செய்து வைத்தால் அவர்கள் அதை மனத்துக்குள் பழைய சொல்லுக்குப் பெயர்த்துக்கொண்டுதான் படிப்பார்கள்.

பெயர் எழுதும் கட்டத்தில் இன்னொரு தடை. பக்கத்து வீட்டுப் பெண் தன் ஆட்டப் பெயராக "வேலூர்க்கோட்டை" என்று வைக்க விரும்பினார். பன்னிரண்டு எழுத்து வரை அனுமதி என்று திரை சொல்கிறது. வே, லூ, ர், க், கோ, ட், டை என்று எண்ணினால் ஏழுதான். ஆனால் செயலி "வேலூர்க்கோட்" என்பதோடு நிறுத்திவிட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் குறி எண் தரும் யூனிக்கோடு முறையில் உயிர்மெய்யின் மெய்ப் பகுதி ஒரு குறியாகவும், அதனோடு சேரும் உயிர்க்குறியோ புள்ளியோ இன்னொரு குறியாகவும் இருக்கும். ஆகவே ஏழு எழுத்து கணினிக்குப் பதினான்கு. ஆங்கில எழுத்தில் அதே கோட்டையின் பெயர் பதினோரு எழுத்தில் முடிந்து, இடம் மிச்சமும் ஆகிறது. மனிதர் ஓரெழுத்தாகக் காண்பதை ஓரெழுத்தாக எண்ணும் வழிமுறையை யூனிக்கோடு அமைப்பே வகுத்துத் தந்திருக்கிறது; அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். திரையில் எழுதியிருக்கும் விதி ஒருவருக்கு முழுமையாகவும் இன்னொருவருக்குப் பாதியாகவும் பொருந்தினால் அது விதியாகாது என்று அந்தப் பெண் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

மொழித் தேர்விலும் இதைப் போன்றதே. யாருடன் பேசி ஆட விரும்புகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் ஒரு மொழியை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. வட ஆர்க்காட்டுப் பகுதியில் இது நடைமுறைக்கு ஒவ்வாத கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் ஆகிய ஊர்களில் வீட்டில் உருதும் தெருவில் தமிழும் பேசுபவர்கள் ஏராளம்; சித்தூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். தோல் தொழிற்சாலை நண்பர் தமிழைத் தேர்ந்தெடுத்தால் உருது பேசும் தன் ஊர்க்காரர்களை இழக்கிறார், உருதைத் தேர்ந்தெடுத்தால் எங்களை இழக்கிறார். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் குறிக்க இடம் கொடுத்தால், ஆள் கிடைக்கும் வாய்ப்பும் கூடும், காத்திருக்கும் நேரமும் குறையும்.

மைக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் மைக் தானாகத் திறந்துகொள்கிறது. அந்தப் பெண் வீட்டில் தன் தம்பியை அழைத்த குரல் முன்பின் தெரியாத மூவருக்குக் கேட்டது. உடனே ஒருவர் எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தார். ஒலியை நிறுத்தும் வழி மூன்று திரைகளுக்கு உள்ளே இருக்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்துக்கு என் சென்டரில் பெண்கள் அநேகமாக வந்ததேயில்லை; ஏன் வரவில்லை என்று அந்த நாட்களில் நான் யோசிக்கவும் இல்லை. மொட்டை மாடியில் அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் யோசித்தேன். மைக் மூடியே தொடங்க வேண்டும், ஒருவர் குரலை நிறுத்தவும் அவரை இனி என்னோடு சேர்க்காதே என்று சொல்லவும் ஒரே தட்டு போதுமானதாக இருக்க வேண்டும் என்பதைக் கடிதத்தின் முதல் பக்கத்துக்கு மாற்றினேன்.

இணைப்பைப் பற்றி இரண்டு விஷயங்கள். சர்வர் இருக்கும் இடத்தை "ஆசியா 1", "ஆசியா 2", "ஆசியா 3" என்று காட்டுகிறார்கள். ஊர்ப் பெயரைப் போடுங்கள் என்றோம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். எங்கள் ஊரிலிருந்து மும்பை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் என்றால் போய் வரவே 10 மில்லிநொடி, சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 என்றால் 30 மில்லிநொடி. வழியில் உள்ள கருவிகளின் தாமதம் இதற்கு மேல். ஊர்ப் பெயர் தெரிந்தால் எவரும் தானே தேர்ந்துகொள்வார். மற்றொன்று, கோடையில் மின்சாரம் போய் ரௌட்டர் அணையும்போது கைப்பேசி மொபைல் டேட்டாவுக்கு மாற எங்கள் வீட்டில் பதினைந்து நொடி ஆகிறது. செயலி அதை ஆட்டத்தைக் கைவிட்டு ஓடியதாகக் கணக்கு வைக்கிறது. மீண்டும் திறந்ததும் முதல் திரையிலேயே "ஆட்டத்துக்குத் திரும்பு" என்று இருக்க வேண்டும். இப்போது அங்கே விளம்பரம் இருக்கிறது.

கடிதம் அனுப்பிப் பதினெட்டு நாள் கழித்து அந்தக் குழுவிலிருந்து நீண்ட பதில் வந்தது. ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாக மறுமொழி எழுதியிருந்தார்கள். அந்த உழைப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். சொற்பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மைக், பொத்தான், கேள்விக்குறி ஆகியவை அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள், வந்தும் விட்டன. அழைப்பை ஏற்குமுன் எதிராளியின் எண்ணைக் காட்ட வேண்டும் என்று என் அக்காள் மகன் கேட்டிருந்ததை மறுத்தார்கள். காட்டினால் எளிய எதிராளி வரும்வரை எல்லோரும் மறுத்துக்கொண்டே இருப்பார்கள், யாருக்கும் ஆட்டம் கிடைக்காது என்றார்கள். அது சரியே, என் சென்டரிலும் ஆள் தேர்ந்து ஆட நான் விட்டதில்லை. தேடும் எல்லை அகலமாவதைச் சொல்வதற்கும் முதலில் தயங்கினார்கள். கணக்கைப் புரிந்துகொண்டு ஏமாற்றுவார்கள் என்று அஞ்சினார்கள். எண் வேண்டாம், சொல் போதும், சற்று வலியவர் என்று எழுதினால் எவரும் அதை வைத்து ஏமாற்ற முடியாது என்று மீண்டும் எழுதினேன். ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை புதிய பதிப்பை ஐந்து பேரும் திறந்து பார்த்தோம். இந்த வேளையில் பொதுவாக ஐம்பது நொடி ஆகும் என்று திரை சொன்னது. முப்பதாம் நொடியில், நிகரானவர் இன்னும் கிடைக்கவில்லை என்ற வரி வந்தது. ஆசிரியர் காத்திருக்கிறேன் என்ற பொத்தானை அழுத்திவிட்டு, காபியைக் கையில் எடுத்துக்கொண்டார். பெயரின் நீளத்தை மட்டும் அவர்கள் இன்னும் திருத்தவில்லை. பெயர்கள் சேமிக்கப்படும் அட்டவணையையே மாற்ற வேண்டியிருப்பதால் காலம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண் பெயரை மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். இப்போதும் "வேலூர்க்கோட்" என்ற பெயரில்தான் ஆடுகிறார், மாதம் ஒருமுறை அவர்களுக்கு நினைவூட்டி எழுதவும் செய்கிறார்.